பொட்டு வைத்த போத்தல்கள்

ஜனவரி 9, வியாழன்

இந்தக் கொப்பியை ஆஸ்பத்திரித் தாதி தந்தாள். கணவருக்கு எந்த மருந்து எத்தனை மணிக்குக் கொடுத்தேன் என்று எழுத வேண்டுமாம். காலை மருந்து கொடுத்தாயிற்று. மதிய மருந்தும் கொடுத்தாயிற்று. இவ்வளவு பெரிய கொப்பியில் அதற்கு இரண்டு வரி போதும். மீதி இடத்தில் நான் என் பாட்டுக்கு எழுதப் போகிறேன். கேட்க ஆளில்லாத வீட்டில் கொப்பியாவது கேட்கட்டும்.

இவருக்கு டிசம்பரில் நெஞ்சைத் திறந்து பைபாஸ் செய்தார்கள். பாரம் தூக்கக் கூடாது, படி ஏறி இறங்கக் கூடாது, யோசிக்கக் கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். முதல் இரண்டையும் நான் பார்த்துக்கொள்கிறேன். மூன்றாவதை இவர் ஒழுங்காகச் செய்வதாகத் தெரியவில்லை.

அதனால் கடை முழுக்க என் தலையில். லண்டன் குரோய்டனில், வீட்டுக்குப் பக்கத்துத் தெருவில், பஸ் தரிப்பிடத்துக்கு எதிரே இருக்கிறது எங்கள் கடை. பாண், பால், முருங்கைக்காய், சிகரெட், பியர், வைன் எல்லாம் இருக்கும். விடியப் பத்திரிகைக் கட்டு வருவதற்கு முன் திறக்க வேண்டும். இரவு கடைசிக் குடிகாரன் போன பிறகுதான் பூட்டலாம். இப்படி இருபத்திரண்டு வருடம் நின்றிருக்கிறேன். முழங்காலுக்குக் கீழே நரம்பெல்லாம் புடைத்து நீலமாகக் கிடக்கிறது. டாக்டர் இறுக்கமான காலுறை தந்தார். அதைக் காலில் ஏற்றுவதற்கே தனிப் பலம் வேண்டும்.

மார்ச் கடைசியில் கடையின் லீஸ் முடிகிறது. கட்டடச் சொந்தக்காரன் அன்ட்றியாஸ் இன்னும் பத்து வருடத்துக்கு எழுதித் தரச் சொல்கிறான். லீஸ் இருவர் பெயரிலும் இருக்கிறது, அதனால் இவரும் நானும் கையெழுத்துப் போட வேண்டும். பத்து வருடம் போனால் எனக்கு எழுபத்துமூன்று. இவருக்கு எழுபத்தெட்டு. ஆஸ்பத்திரிக் கட்டிலில் இவருடைய கையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன், இனிக் கையெழுத்துப் போடுவதில்லை, கடைக்குக் கீழே நிலவறையில் இருக்கிற வைனை வித்துப்போட்டு வீட்டில் இருப்போம் என்று. இவர் தலையாட்டினார். அப்போது மூக்கில் குழாய் இருந்தது, வேறென்ன செய்வார்.

ஜனவரி 12, ஞாயிறு

வைன் கடைக்காரியிடம் வைன் இருப்பது என்ன அதிசயம் என்று இந்தக் கொப்பியே கேட்கும். இது விற்கிற வைன் இல்லை, வைத்திருக்கிற வைன்.

கடை திறந்து சில வருடத்தில் இக்னாசியோ என்றொரு ஸ்பானியன் சரக்குக் கொடுக்க வருவான். அவன்தான் இவருடைய காதில் ஓதியவன். பிரெஞ்சு வைனைப் பணக்காரர் வாங்கி முடித்துவிட்டார்கள், ஸ்பெயினின் ரியோஹாச் சிவப்பு வைனை இன்னும் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை, நல்ல வருடத்துப் போத்தலாகப் பார்த்து வாங்கி இருட்டில் படுக்க வை, இருபது வருடம் மறந்துவிடு என்றான். இவர் வாங்கினார், படுக்க வைத்தார். மறக்க மட்டும் முடியவில்லை. நாளுக்கு ஒரு தரம் கீழே போய்ப் பார்ப்பார்.

எங்கள் சொந்தக்காரர் கொழும்பில் வீடு வாங்கினார்கள். நகை செய்தார்கள். நாங்கள் போத்தல் வாங்கினோம். என் தங்கச்சி தொலைபேசியில் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

இதில் பெரிய பகிடி, இவர் குடிப்பதில்லை. ஒரு சொட்டு நாக்கில் வைத்ததில்லை. வெள்ளிக்கிழமை விரதம் வேறு. ஆனால் ‘கிரான் ரிசர்வா’ என்றால் என்ன என்று கேட்டுப் பாருங்கள். மரப் பீப்பாயில் எவ்வளவு காலம், போத்தலில் எவ்வளவு காலம், எந்த வருடம் மழை, எந்த வருடம் வெயில் என்று பால் வாங்க வந்த ஆளை மறித்து வைத்துச் சொல்லுவார். 1994, 1995, 2001, 2004 என்று சொல்லும்போது பெற்ற பிள்ளைகளின் பிறந்த வருடம் போலிருக்கும். எங்களுக்கு இருப்பது ஒரே ஒரு பிள்ளை. அவளுடைய பிறந்த நாளை நான்தான் ஞாபகப்படுத்த வேண்டும்.

நான் கால் நோகுது என்று சொல்லும்போதெல்லாம் இவர் சொல்லுவது ஒன்றுதான். “கீழ இருக்கு லோசனி. பயப்பிடாதையும்.” என் முழுப் பெயர் பத்மலோசனி. அதை முழுதாகச் சொல்ல இந்த நாட்டில் ஒருவருக்கும் நேரமில்லை.

ஜனவரி 14, செவ்வாய்

தைப்பொங்கல். சோற்றுக் குக்கரில் பொங்கினேன். பொங்கி வழியவில்லை, அதற்கு மூடி பூட்டிக் கிடக்கிறது. ஆறு மணிக்குக் கடை திறந்தேன்.

ஜனவரி 19, ஞாயிறு

லீட்ஸிலிருந்து மகள் துவாரகா தொலைபேசி எடுத்தாள். வைனை வாங்கி ஏலத்தில் விற்கிற ஒரு கம்பனி இருக்கிறதாம். ஆள் வந்து பார்த்து விலை சொல்லுமாம். தான் கதைத்து நாள் எடுக்கிறேன் என்றாள். எனக்குச் சந்தோசத்தில் தேத்தண்ணியே இனித்தது. சீனி போடவில்லை என்று பிறகுதான் தெரிந்தது.

இவருக்குச் சொன்னேன்.

“இப்ப என்ன அவசரம்?” என்றார்.

“மார்ச்சில லீஸ் முடியுது. இதைவிட என்ன அவசரம் வேணும்?”

“இப்ப சந்தை சரியில்லை. கொஞ்சம் பொறுத்தா ஏறும்.”

“எனக்கு இனிப் பொறுக்க ஏலாது. உங்களுக்கு நெஞ்சு, எனக்குக் கால். இரண்டும் பொறுக்காது.”

சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். வருத்தக்காரருக்கு இது ஒரு வசதி, நினைத்த நேரம் திரும்பிப் படுக்கலாம்.

ஜனவரி 22, புதன்

ஏலக்காரர் வருவதற்கு முன் என்னென்ன இருக்கிறது என்று பார்த்து எழுதி அனுப்ப வேண்டுமாம். இவர் இறங்கக் கூடாது. ஆகவே நான் நிலவறைக்கு இறங்கினேன். பதினோரு மணிக்குக் கடையில் ஈதான் ஓட்ட வேண்டும், அந்த நேரத்தில்.

இவர் வைத்திருக்கிற வடிவைப் பார்த்தால் எனக்கே பொறாமையாக இருக்கிறது. சுவரில் வெப்பமானி. ஈரம் அளக்க இன்னொன்று. மூலையில் தட்டில் நனைத்த மணல், காற்றுக் காய்ந்தால் தக்கை சுருங்குமாம். மின்குமிழுக்குச் சிவப்புத் தாள் சுற்றியிருக்கிறார். எங்கள் படுக்கையறைச் சன்னலில் காற்று வருகிறது என்று மூன்று வருடமாகச் சொல்லுகிறேன்.

போத்தல்கள் எல்லாம் மரத்தட்டில் வரிசையாகப் படுத்திருக்கின்றன, லேபல் மேலே பார்க்க. ஒவ்வொரு லேபலின் நடுவிலும் என் பொட்டு. பார்க்க நிறைவாக இருந்தது. விஜயதசமிக்குத் தராசுக்கும் காசுப் பெட்டிக்கும் வைப்பதுபோல் இவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைப்பேன். எங்களுக்குச் சோறு போடப் போகிற சாமான், அதற்கு வைக்காமல் வேறு எதற்கு வைப்பது. ஒன்றையும் விடுவதில்லை. 2010இல் தொடங்கினேன். அதற்கு முதல் வருடம் வைக்கவில்லை. அந்த வருடம் நான் ஒன்றும் செய்யவில்லை. அதை விடுவோம்.

எழுதுவதில்தான் சிக்கல். வருடம் லேபலின் நடுவில்தான் போட்டிருக்கிறார்கள். பொட்டும் நடுவில்தான். நிலவறை ஈரத்தில் குங்குமம் ஊறிப் பரவியிருக்கிறது. பல போத்தலில் 199 என்பதுவரை வாசிக்கலாம், மிச்சம் சிவப்பு. ஈரத் துணியால் ஒன்றைத் துடைத்துப் பார்த்தேன். தாள் முழுக்கச் சிவந்துபோனது, ஒரு மூலையும் உரிந்துவிட்டது. சரி, வருகிறவர்கள் படித்தவர்கள், அவர்களே கண்டுபிடிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

பெப்ரவரி 3, திங்கள்

இவருக்கு என்னவோ நடந்திருக்கிறது. இன்றைக்குச் சாப்பிடும்போது சொல்கிறார், “அன்ட்றியாசிட்டைப் பத்து வருசம் வேண்டாம், அஞ்சு வருசத்துக்குக் கேட்டுப் பாப்பமே.”

கரண்டியை வைத்துவிட்டேன்.

“ஆர் நிக்கிறது அஞ்சு வருசம்?”

“நான் தேறிடுவன்தானே.”

“ஏலக்காரர் பதினைஞ்சாந் தேதி வருகினம். வந்து பாக்கட்டும். பிறகு கதையுங்கோ.”

“அவையளைக் கூப்பிட வேண்டாம் எண்டு சொன்னனான்.”

“ஏன்?”

ரசத்தை மட்டும் உறிஞ்சிக் குடித்தார். பிள்ளைகளைப் பிரிவதுபோல இருக்கிறதாக்கும் என்று நினைத்துக்கொண்டேன். இரக்கமாகக் கூட இருந்தது.

பெப்ரவரி 6, வியாழன்

வலது கால் வீங்கிவிட்டது. பால் பெட்டியைத் திருப்பிப் போட்டு அதில் இருந்து வியாபாரம் செய்தேன். ஒரு கிழவி, “உனக்குச் சுகமில்லையா?” என்று கேட்டாள். “இல்லை, வயசாகிறது” என்றேன். “எனக்கும்தான்” என்றாள். அவளுக்கு எண்பத்தைந்து இருக்கும். வெட்கமாகப் போய்விட்டது.

பெப்ரவரி 15, சனி

எழுத மனமில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

ஏலக் கம்பனியிலிருந்து வந்தவள் ஹேரியட் என்ற பெண், முப்பத்தைந்து வயதிருக்கும், மரியாதையான பிள்ளை. துவாரகா லீட்ஸிலிருந்து விடிய ரயிலேறி வந்து கடையைப் பார்த்துக்கொண்டாள். நான் ஹேரியட்டைக் கீழே கூட்டிப்போனேன். இவர் மேலே கடையில், படியின் தலைப்பில் கதிரை போட்டு இருந்தார், இறங்கக் கூடாதென்பதால்.

முதலில் வெப்பமானியைப் பார்த்தாள், மணல் தட்டைப் பார்த்தாள், சிவப்புத் தாளைப் பார்த்தாள். முகம் மலர்ந்துவிட்டது. இப்படிப் பேணுகிறவர்கள் பெரிய மாளிகைகளிலேயே குறைவு, உங்கள் கணவர் ஆழமாகப் படித்திருக்கிறார் என்றாள். நான் படியைப் பார்த்துச் சத்தமாகத் தமிழில் சொன்னேன், “கேக்குதே, உங்களைப் புகழுறா.” மேலே கதிரை மட்டும் கிறீச்சிட்டது.

பிறகு டோர்ச்சைப் போத்தல்களின் மேல் அடித்தாள். ஒன்றை எடுத்தாள், அடுத்ததை எடுத்தாள், கடைசி வரிசைவரை போனாள்.

“இந்தச் சிவப்பு என்ன?” என்றாள்.

நான் பெருமையோடு விளக்கினேன். எங்கள் சமயம், எங்கள் பூசை, மதிப்பான சாமானுக்கெல்லாம் இப்படி வைப்போம் என்று. அவள் நான் சொல்லி முடிக்கும்வரை கேட்டாள். பிறகு மெல்லச் சொன்னாள். இந்த வைனை வாங்குகிறவர்கள் குடிக்க வாங்குவதில்லை. அவர்களும் வைத்திருந்து விற்கத்தான் வாங்குகிறார்கள். அவர்களுக்கு லேபல்தான் போத்தலின் முகம். கீறல் விழுந்தாலே விலை இறங்கும். வருடம் வாசிக்க முடியாத போத்தலை ஏலத்தில் போடவே முடியாது. தக்கையில் வருடம் இருக்கும்தான், ஆனால் அதைப் பார்க்கப் போத்தலைத் திறக்க வேண்டும்.

“ஒண்டும் தேறாதோ?” என்று கேட்டேன். பதற்றத்தில் தமிழிலேயே கேட்டிருக்கிறேன். அவளுக்கு விளங்கிவிட்டது. என் தோளில் கை வைத்தாள். யாராவது உணவகக்காரர் குடிக்கக் கொடுப்பதற்கு வாங்கலாம், ஆனால் அது வேறு விலை என்றாள். நாங்கள் நினைத்திருந்ததில் கால்வாசிகூட இல்லை.

போகும்போது ஒன்று கேட்டாள். இவை மூல மரப்பெட்டியோடு வந்திருக்குமே, ஆணி கழற்றாத பெட்டிக்குத் தனி மதிப்பு, இவ்வளவு கவனமான மனிதர் ஏன் எல்லாவற்றையும் வெளியே எடுத்தார் என்று. எனக்குத் தெரியாது என்றேன்.

அவள் போன பிறகு படியில் ஏற முடியவில்லை. கீழ்ப்படியில் இருந்தேன். இவர் மேலேயிருந்து, “லோசனி, ஏறி வாரும், குளிர் பிடிக்கும்” என்றார். என் கையால் செய்திருக்கிறேன். பதினைந்து வருடம், வருடத்துக்கு ஒரு தரம், ஒன்றையும் விடாமல்.

பெப்ரவரி 16, ஞாயிறு

மருந்து கொடுத்தேன்.

பெப்ரவரி 18, செவ்வாய்

இவரிடம் மன்னிப்புக் கேட்டேன். கலியாணம் கட்டி முப்பத்தாறு வருடத்தில் முதல் தரம் என்று நினைக்கிறேன். “என்ர கையால நாசமாக்கிப் போட்டன்” என்று அழுதேன். இவர் என் தலையைத் தடவினார். “பரவாயில்லை, போத்திலுக்குள்ள இருக்கிறது நல்லாத்தான் இருக்கும்” என்றார். கோபமே இல்லை. ஆச்சரியமும் இல்லை. பாண் தீய்ந்தால் ஒரு நாள் முழுக்க முகத்தைத் தூக்கி வைத்திருக்கிற மனிதர் இவர்.

நல்ல மனிதர் என்று நினைத்துக்கொண்டு இன்னும் அழுதேன்.

பெப்ரவரி 23, ஞாயிறு

கடையில் இராசவள்ளிக் கிழங்கு அடுக்கும்போது கை நின்றுவிட்டது. கிழங்கு வைத்திருக்கிற மரப்பெட்டியின் பக்கத்தில் ஸ்பானிய எழுத்து சூடு போட்டிருக்கிறது. வாழைக்காய்ப் பெட்டியிலும் அதே. தேங்காய்ப் பெட்டியிலும் அதே. எத்தனை வருடமாக இவற்றுக்குள் கையை விட்டு எடுத்திருக்கிறேன், ஒரு நாள் வாசித்ததில்லை.

தட்டுக்குள் ஒரு போத்தலை வைப்பதற்குக்கூட இரண்டு கையாலும் பிடிக்கிறவர் இந்தப் பெட்டிகளை ஆணி கழற்றிக் கிழங்குக்குக் கொடுத்திருக்கிறார். இவருக்குத் தெரியாதா பெட்டிக்கு மதிப்பு என்று? புத்தகத்தில் இல்லாததா?

துவாரகாவுக்கு எடுத்துக் கேட்டேன். “அம்மா, நீங்கள் அப்பாட்டையே கேளுங்கோ” என்றாள்.

“அப்ப உனக்கும் தெரியும்.”

“நான் சின்னப்பிள்ளை அம்மா அப்ப. அப்பா சொல்ல வேண்டாம் எண்டவர்.”

பெப்ரவரி 24, திங்கள்

கேட்டேன். இவர் குசினி மேசையில் இருந்து பயற்றங்காய் முறித்துக்கொண்டிருந்தார். பாரம் தூக்கக் கூடாதென்பதால் இப்போது இவருக்கு இதுதான் வேலை.

“இஞ்சருங்கோ, உந்தப் பெட்டியளை ஏன் கழட்டினனீங்கள்?”

“எந்தப் பெட்டி?”

“கிழங்கு வைச்சிருக்கிற பெட்டியள்.”

“இடம் காணாமல்…”

“பொய் சொல்லாதையுங்கோ. நெஞ்சில தையல் போட்டிருக்கு, விட்டுப்போம்.”

சிரிக்கவில்லை. கையிலிருந்த பயற்றங்காயை மேசையில் வைத்தார்.

“முதல் தரம் நீர் பெட்டியளுக்கு மேலதான் பொட்டு வைக்க வந்தனீர். பிறகு, உள்ளுக்க இருக்கிறதுக்கெல்லோ வைக்க வேணும் எண்டு கேட்டீர். நான் ஆணியைக் கழட்டினன்.”

“லேபல் பழுதாப் போம் எண்டு உங்களுக்குத் தெரியாதே?”

“தெரியும்.”

இவ்வளவு இலேசாகச் சொன்னார்.

“தெரிஞ்சுகொண்டோ?”

“பகீரதன் போன பிறகு ஒண்டரை வருசம் நீர் விளக்குக் கொளுத்தேல்லை லோசனி. சாமிப் படங்களைச் சீலையால மூடி வைச்சனீர். கடையில நிப்பீர், சமைப்பீர், கதைக்க மாட்டீர். துவாரகா பள்ளிக்கூடத்தால வந்தாலும் கதைக்க மாட்டீர். அண்டைக்குச் சந்தனக் கிண்ணத்தோட கீழ இறங்கி வந்தீர். நான் ஒண்டும் கேக்கேல்லை, கேட்டா நீர் திரும்பிப் போயிடுவீர் எண்டு பயம். முதல் போத்திலுக்கு வைச்சீர். இரண்டாவதுக்கு வைச்சீர். நடுவில தேவாரம் படிக்கத் தொடங்கிட்டீர். உம்மட குரலைக் கேட்டு எவ்வளவு காலம். நான் என்னெண்டு நிப்பாட்டச் சொல்லுறது?”

“அடுத்த வருசம் சொல்லியிருக்கலாமே.”

“அடுத்த வருசமும் படிச்சனீர்.”

பகீரதன் என் தம்பி. 2009 மே மாதம் முல்லைத்தீவில் போனான். உடம்பு கிடைக்கவில்லை. யாரோ ஒருவர் கண்டதாகச் சொன்னார், அவ்வளவுதான். இதுவரை இந்தக் கொப்பியில் நான் அவனைப் பற்றி எழுதவில்லை. வேறு எதிலும் எழுதியதும் இல்லை.

பயற்றங்காயை நானே எடுத்து முறித்தேன். கறி வைத்தேன். உப்புப் போட மறந்துவிட்டேன். இவர் கேட்காமல் சாப்பிட்டார்.

பெப்ரவரி 26, புதன்

சிவராத்திரி. கோயிலுக்குப் போகவில்லை. இவரோடு கதைக்கவும் இல்லை. மருந்தை மேசையில் வைத்தேன்.

மார்ச் 2, ஞாயிறு

எனக்கு இரக்கம் வர வேண்டும். துவாரகா அப்படித்தான் நினைக்கிறாள். “எவ்வளவு அன்பு அம்மா அப்பாவுக்கு” என்று தொலைபேசியில் அழுகிறாள். அவளால் அழ முடியும், அவள் கதிரையில் இருந்து வேலை செய்கிறவள்.

எனக்குக் கோபம்தான் வருகிறது. அன்று நிப்பாட்டாமல் விட்டதற்கு இல்லை. அன்று நிப்பாட்டியிருந்தால் நான் என்ன ஆகியிருப்பேனோ தெரியாது, அது எனக்கும் தெரியும். அதற்குப் பிறகு ஒவ்வொரு வருடமும் “கீழ இருக்கு, பயப்பிடாதையும்” என்று சொன்னாரே, அதற்குத்தான். கீழே ஒன்றும் இல்லை என்று தெரிந்துகொண்டே சொல்லியிருக்கிறார். நான் அதை நம்பிக் காலுறையை இழுத்து மாட்டிக்கொண்டு நின்றிருக்கிறேன். உண்மையைச் சொல்லியிருந்தால் வேறு வழி பார்த்திருப்பேன். நேரத்தோடு கடையை விற்றிருக்கலாம், நான் வேறு வேலைக்குப் போயிருக்கலாம். என்னைத் தாங்கியவரும் இவர்தான், என்னை ஏமாற்றியவரும் இவர்தான். இரண்டையும் ஒரே ஆள் செய்தால் என்ன செய்வது? இவருக்கு மருந்து கொடுப்பதா, கொடுக்காமல் விடுவதா? கொடுத்தேன்.

மார்ச் 9, ஞாயிறு

ஹேரியட் சொல்லி ஒரு உணவகக்காரன் வந்தான், கிளப்பமில் ஸ்பானியச் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறான். ஒரு போத்தலைத் திறந்து, தக்கையில் வருடம் பார்த்து, முகர்ந்து, ஒரு வாய் குடித்தான். கண்ணை மூடிக்கொண்டு நின்றான். இப்படி ஒன்றைக் குடித்து எவ்வளவோ காலம் என்றான். தன் கடைக்கு வருகிறவர்கள் போத்தலையா குடிக்கிறார்கள், கண்ணாடிக் குவளையில் ஊற்றினால் பொட்டுத் தெரியாது என்று சொல்லிச் சிரித்தான். எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டான். விலை குறைவுதான், ஆனால் ஆள் நேர்மையானவன்.

இவர் மேலே கடைச் சன்னலில் நின்று வான் வண்டியில் ஏற்றுவதைப் பார்த்தார். அந்த மனிதன் ஒரு குவளையில் கொஞ்சம் ஊற்றி, இவருக்குக் கொண்டுபோய்க் கொடுக்கச் சொன்னான். கொண்டுபோனேன். இவர் முகர்ந்து பார்த்தார். குடிக்கவில்லை. “நல்ல மணம்” என்றார். பதினாலு நாளில் இவர் சொன்ன ஒரு வார்த்தைக்கு நான் இன்றுதான் பதில் சொன்னேன். “ஓம்” என்றேன்.

மார்ச் 20, வியாழன்

அன்ட்றியாஸ் லீஸைக் கொண்டுவந்தான். ஐந்து வருடத்துக்கு ஒத்துக்கொண்டானாம், இவர் எனக்குச் சொல்லாமல் கதைத்து முடித்திருக்கிறார். கடையில்தான் வைத்துப் போட வேண்டியிருந்தது, நான் விட்டுவிட்டு வர முடியாதென்பதால். இவர் ஆறுதலாக நடந்து வந்தார், நெஞ்சில் ஒரு கை.

காசுப் பெட்டிக்குப் பக்கத்தில் தாளை விரித்தார்கள். இவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கையெழுத்துப் போட்டார். பேனையை என் பக்கம் நீட்டினார்.

“நான் போட மாட்டன்” என்றேன்.

“லோசனி, இனி வைனும் இல்லை. கடையும் போனாப் பிறகு என்னத்தை நம்பி…”

“வைனை நம்பி நான் நிக்கேல்லை. அதுக்கு எனக்கு என்ன தெரியும், சிவப்பா இருக்கும் எண்டு மட்டும்தான் தெரியும். உங்களை நம்பித்தான் நிண்டனான். காணும். இனி இருக்கப் போறன்.”

“எப்பிடிச் சீவிக்கிறது?”

“வீடு எங்கட. பென்ஷன் சின்னனா வருது. வைன் வித்தது கொஞ்சம் கிடக்கு. சோறும் பருப்பும் சாப்பிடலாம். அதுவும் காணாட்டி இருந்து யோசிப்பம்.”

இவர் தாளைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, யாருக்கோ சொல்வதுபோலச் சொன்னார்.

“கடை இல்லாட்டி நான் காலமை எங்க போறது?”

எனக்கு அப்போதுதான் விளங்கியது, ஏன் ஏலக்காரரைக் கூப்பிட வேண்டாம் என்றார், ஏன் ஐந்து வருடம் என்றார் என்று. பொட்டுக்காக மட்டும் இல்லை. இவருக்கு வீட்டில் இருக்கப் பயம். இருபத்திரண்டு வருடம் எனக்குச் சிறையாக இருந்தது இவருக்கு இடமாக இருந்திருக்கிறது. எனக்கு அழுகை வந்தது. ஆனால் பேனையை வாங்கவில்லை.

அன்ட்றியாஸுக்கு ஒரு சொல்லும் விளங்காது. நாளைக்கு வரட்டுமா என்று கேட்டான். வேண்டாம், வேறு ஆளைப் பார் என்று ஆங்கிலத்தில் சொன்னேன். அப்போது பாண் வாங்க ஒருத்தி வந்தாள். கொடுத்தேன்.

மார்ச் 25, செவ்வாய்

பூட்டினோம். சாவியைக் கொடுத்தோம். எழுத ஒன்றும் இல்லை.

மார்ச் 29, சனி

இவர் கதைக்கிறார் இல்லை. சண்டை இல்லை, கதைக்க ஒன்றும் இல்லை. தொலைக்காட்சியைப் பார்க்கிறார், அது என்ன சொல்கிறதென்று கேட்டால் தெரியாது. நான் கதிரையில் காலைத் தூக்கிப் போட்டு இருக்கிறேன். இவ்வளவு ஆசைப்பட்ட இருப்பு, இப்போது இருக்கத் தெரியவில்லை. பத்து நிமிடத்துக்கு ஒரு தரம் எழும்பி ஏதாவது துடைக்கிறேன்.

ஏப்ரல் 1, செவ்வாய்

விடிய ஐந்து மணிக்குச் சத்தம் கேட்டு விழித்தேன். இவர் கட்டிலின் கரையில் இருந்து சப்பாத்துப் போட்டுக்கொண்டிருந்தார். மேற்சட்டையும் போட்டாயிற்று. ஒரு சப்பாத்தின் நூலைக் கட்டிவிட்டார், மற்றதைக் கையில் வைத்துக்கொண்டு இருக்கிறார்.

“எங்க போறியள்?”

“ஒரு இடமும் இல்லை.”

“அப்ப ஏன் போடுறியள்?”

“தெரியேல்லை.”

வெளியே முதல் பஸ் போகிற சத்தம் கேட்டது. இவர் குனியக் கூடாது, நெஞ்சில் தையல் இன்னும் இழுக்கும். நான் எழும்பி, கீழே தரையில் இருந்து, கட்டிய நூலை அவிழ்த்துச் சப்பாத்தைக் கழற்றினேன். மற்றதைக் கையிலிருந்து வாங்கி வைத்தேன்.

“குளிருது. உள்ளுக்கு வாங்கோ.”

வந்து படுத்தார். போர்வையை இருவருக்கும் இழுத்துவிட்டேன். கொஞ்ச நேரத்தில் இவருடைய கால் என் காலைத் தேடி வந்து தொட்டது. ஐஸ் மாதிரிக் குளிர். இழுக்காமல் வைத்துக்கொண்டேன்.